மணி வளைவு வராத ரீடிங்குகளுக்குக் கன்ட்ரோல் சார்ட் போடுவது எப்படி

பம்ப் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இரண்டு இடங்களையும் வி-பிளாக்கில் வைத்து, இம்பெல்லர் உட்காரும் இடத்தில் டயல் கேஜை முட்டவைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் முள் ஆடும் மொத்த அளவுதான் ரன்-அவுட். அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. டிராயிங்கிலும் மேல் எல்லை மட்டுமே இருக்கும். இந்தக் கட்டுரையில் அதை 40 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஷாஃப்டின் ரீடிங்குகளை ஹிஸ்டோகிராமாகப் போட்டால் இடப்பக்கம் குவிந்து, வலப்பக்கம் வால் நீண்டிருக்கும். இதை அப்படியே வழக்கமான கன்ட்ரோல் சார்ட்டில் (ரீடிங்குகளை வரிசையாகக் குறித்து, அவற்றின் சிதறலிலிருந்தே கணக்கிட்ட மேல், கீழ் எல்லைக் கோடுகள் போடும் வரைபடம்) போட்டால் சார்ட்டின் கீழ் எல்லை மைனஸில் வந்து நிற்கும், சார்ட்டின் மேல் எல்லையைத் தாண்டி அவ்வப்போது ஒரு புள்ளி எகிறும், ஆபரேட்டர் காரணம் தேடி ஒன்றும் கிடைக்காமல் சலித்துப்போவார். ஒரு மாதத்தில் அந்த சார்ட் சுவரில் தொங்கும் காகிதமாகிவிடும்.

இதற்கு மருந்தாகப் பலரும் முதலில் தேடுவது சாஃப்ட்வேரில் இருக்கும், ரீடிங்குகளைக் கணக்கால் உருமாற்றும் "டிரான்ஸ்ஃபார்ம்" பொத்தானை. அது கடைசியில் தொட வேண்டியது. ரீடிங்குகள் மணி வடிவத்தில் (நடுவில் குவிந்து இருபக்கமும் சமமாகச் சரியும் இயல்நிலைப் பரவல்) வரவில்லை என்றால் அதற்கு மெஷினில், அளவுக் கருவியில், அல்லது அந்த அளவின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் எந்த சார்ட், எந்த எல்லை என்று முடிவெடுக்க முடியும்.

வடிவம் எங்கிருந்து வந்தது?

முதல் வேலை, ரீடிங்குகளைத் தயாரான வரிசையிலேயே புள்ளிகளாகக் குறித்துப் பார்ப்பது. ஹிஸ்டோகிராம் காலத்தை அழித்துவிடும். பல கோளாறுகள் காலவரிசையில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு மேடுள்ள ஹிஸ்டோகிராம் என்றால் பெரும்பாலும் இரண்டு ஓட்டங்கள் கலந்திருக்கின்றன: இரண்டு ஸ்பிண்டில், இரண்டு ஃபிக்ஸ்சர், இரண்டு பார் லாட், பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட். நான்கு கேவிட்டி (அச்சுக் குழி) உள்ள மோல்டில் ஒவ்வொரு ஷாட்டிலும் நான்கு துண்டை எடுத்து ஒரே சப்குரூப்பாக (சேர்த்துச் சராசரியும் வீச்சும் எடுக்கும் சிறு தொகுதி) போடுவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு. கேவிட்டிகளுக்குள் இருக்கும் நிரந்தர வித்தியாசம் முழுவதும் சப்குரூப்பின் வீச்சுக்குள், அதாவது அதன் பெரிய ரீடிங்குக்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்துக்குள், போய்விடும். வீச்சு பெருத்தால் சராசரி சார்ட்டின் எல்லைகளும் விரிந்துவிடும். பிறகு புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருக்கும். தொடர்ந்து 15 புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து ஒரு சிக்மாவுக்குள்ளேயே (சிக்மா என்பது சிதறலின் அளவான திட்டவிலக்கம்; எல்லைகள் மூன்று சிக்மா தூரத்தில் இருக்கும்) இருந்தால் "புராசஸ் பிரமாதம்" என்று நினைக்க வேண்டாம், சப்குரூப் தவறு என்று படியுங்கள். ஒவ்வொரு கேவிட்டிக்கும் தனி சார்ட் போடலாம். இடமில்லை என்றால் ஒவ்வொரு ரீடிங்கிலிருந்தும் அந்தந்தக் கேவிட்டியின் சராசரியைக் கழித்து, மீதியை ஒரே சார்ட்டில் போடலாம். இங்கே எந்தக் கணித உருமாற்றமும் உதவாது. இரண்டு மேட்டை ஒரு மேடாக்கும் சூத்திரம் கிடைத்தாலும் அது உண்மையை மறைத்துவிடும்.

உச்சியே இல்லாமல் தட்டையாக இருக்கும் ஹிஸ்டோகிராம் டூல் தேய்மானத்தின் அடையாளம். வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய விட்டம் கூடும். போரிங்கில் துளை குறையும். ஒரு துண்டுக்கு 0.1 மைக்ரான் வீதம் விட்டம் ஏறி, நூறு துண்டுக்கு ஒருமுறை 10 மைக்ரான் ஆஃப்செட் (டூலை நகர்த்தும் திருத்தம்) கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தால் மட்டும் ரீடிங்குகள் நடுவிலிருந்து மேலும் கீழும் 5 மைக்ரான் நகரும். அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையிலான சிக்மா 1.5 மைக்ரான் என்றால், நகரும் வீச்சிலிருந்து (அடுத்தடுத்த இரண்டு ரீடிங்குகளின் வித்தியாசம்) வரும் எல்லை நடுக்கோட்டிலிருந்து 4.5 மைக்ரான் மட்டுமே. எனவே ஒவ்வொரு ஆஃப்செட்டுக்கும் முன்னும் பின்னும் சார்ட் கத்தும், அதுவும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்காக. தேய்மானக் கோட்டை வரைந்து, அதற்கு இணையாகச் சாய்ந்த எல்லைகளைப் போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து விலகும் துண்டுதான் உண்மையான செய்தி: இன்சர்ட் முனை உடைந்திருக்கலாம், கூலன்ட் நின்றிருக்கலாம்.

ஹிஸ்டோகிராம் ஒரு பக்கம் மலை போல் ஏறி, டிராயிங் எல்லையில் திடீரென்று செங்குத்தாக அறுந்து நின்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, எல்லை தாண்டிய துண்டுகள் அளவெடுக்கும் இடத்துக்கு வரும் முன்பே பிரிக்கப்பட்டுவிட்டன. அல்லது 41, 42 காட்டிய ரீடிங்குகள் 40 என்று எழுதப்படுகின்றன. இரண்டாவது என்றால் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. எல்லை தாண்டிய எண்ணை எழுதினால் என்ன தண்டனை கிடைக்கிறது என்று பாருங்கள். அந்தப் பயம் போகும்வரை எந்த சார்ட்டும் பொய்தான் சொல்லும்.

சீப்பின் பற்கள் போல இடைவெளி விட்டு நிற்கும் கம்பங்கள் கருவியின் பிழை. 10 மைக்ரான் லீஸ்ட் கவுன்ட் (காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) உள்ள டயலில் 40 மைக்ரான் எல்லையை அளந்தால் 0, 10, 20, 30, 40 என்று ஐந்தே மதிப்புகள்தான் வரும். அந்த எண்களை, மணி வடிவமா என்று பார்க்கும் ஆண்டர்சன்-டார்லிங் சோதனையில் போட்டால், அசல் பரவல் அச்சு அசலாக மணி வடிவத்தில் இருந்தாலும் "இயல்நிலை இல்லை" என்றுதான் வரும். 1 மைக்ரான் லீஸ்ட் கவுன்ட் டயலுக்கு மாறுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது. வீச்சு சார்ட்டில் எல்லைக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு மதிப்புகளாவது வர வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய சோதனை. மூன்று, நான்கு மதிப்புகளுக்குள் சார்ட் சுருங்கினால் கருவிதான் பேசுகிறது, புராசஸ் அல்ல.

சோதனைகளைப் பற்றி இன்னொன்று. 20 ரீடிங்குக்கு அவை கண்மூடி இருக்கும். 1000 ரீடிங்குக்கு ஒன்றுமில்லாத வளைவைக் கூடப் பிடித்துக்கொண்டு அலறும். சோதனை எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லை, மெஷின் ஒன்று, டூல் ஒன்று, கருவி சரி, ஆனாலும் வால் நீண்டிருக்கிறது என்றால்தான் பிரச்சினை அந்த அளவின் இயல்பில் இருக்கிறது என்று பொருள். ரன்-அவுட், வட்டத்தன்மை, தட்டைத்தன்மை, பரப்பின் சொரசொரப்பு, பர்ரின் உயரம், கழுவிய பாகத்தில் மீதமிருக்கும் அழுக்கின் மில்லிகிராம், இரண்டு பிரேக்டவுனுக்கு இடைப்பட்ட மணிநேரம் ஆகிய எல்லாவற்றுக்கும் பூஜ்யம் ஒரு சுவர். புராசஸ் நன்றாக ஆக ஆக ரீடிங்குகள் அந்தச் சுவரை நெருங்கும், வடிவமும் கோணலாகும். அதாவது இங்கே கோணல் நல்ல அடையாளம். ரன்-அவுட் ஹிஸ்டோகிராம் மெல்ல மெல்ல அழகான மணி வடிவத்துக்கு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஷாஃப்டைப் பிடிக்கும் சக்கின் மையம் நிரந்தரமாக ஒரு பக்கம் விலகி, எல்லா ஷாஃப்டும் பூஜ்யத்திலிருந்து தள்ளிப் போகின்றன என்பது அதன் பொருள்.

சாதாரண எல்லை எவ்வளவு தாங்கும்?

1924-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வால்டர் ஷூஹார்ட் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்தார். மூன்று சிக்மாவை அவர் தேர்ந்தது மணி வளைவின் அட்டவணையை மட்டும் நம்பி அல்ல. வீண் அலாரத்துக்கும் தவறவிடும் கோளாறுக்கும் இடையில் செலவு தாங்கும் ஓர் இடம் என்பதற்காக. ஆகவே "தரவு இயல்நிலையில் இல்லை, சார்ட் போடவே கூடாது" என்பது தவறு. எந்தப் பரவலாக இருந்தாலும் மூன்று சிக்மாவுக்குள் 88.9 சதவீதமாவது அடங்கியே தீரும். ஒரே மேடுள்ள பரவல் என்றால் 95 சதவீதம். நடைமுறையில் பெரும்பாலும் 98-க்கு மேல்.

கேள்வி, மீதி எவ்வளவு வலிக்கும் என்பதுதான். மணி வளைவில் வீண் அலாரம் 370 புள்ளிக்கு ஒன்று. எக்ஸ்பொனென்ஷியல் பரவலில், அதாவது பிரேக்டவுன் இடைவெளி போன்றவற்றில், தனி ரீடிங் சார்ட்டில் நகரும் வீச்சை வைத்து எல்லை போட்டால் அது சராசரியின் 3.66 மடங்கில் வரும். வீண் அலாரம் 39 புள்ளிக்கு ஒன்று. ஷிப்டுக்கு எட்டு ரீடிங் என்றால் ஐந்து ஷிப்டுக்கு ஒருமுறை பொய்யாக ஓட வேண்டும். நான்கு ரீடிங்கின் சராசரியை உண்மையான சிக்மாவை வைத்துப் போட்டால் அது 97 புள்ளிக்கு ஒன்றாகக் குறையும், ஐந்தின் சராசரி என்றால் 107. சராசரி எடுத்தால் எல்லாம் மணி வளைவாகிவிடும் என்ற நம்பிக்கை ஓரளவுக்குத்தான் உண்மை. சப்குரூப் அளவின் வர்க்கமூலத்தால்தான் கோணல் குறைகிறது. ஐந்துக்குப் பாதிக்கு மேல் குறைந்திருக்கும், மறைந்திருக்காது.

வால் கொஞ்சமாக நீண்டிருந்து, சப்குரூப் நான்கோ ஐந்தோ எடுக்க முடிந்தால், சாதாரண சராசரி-வீச்சு சார்ட்டையே போடுங்கள். அதைவிட்டுச் சிக்கலான ஒன்றுக்குப் போவது ஆபரேட்டருக்குச் செய்யும் அநியாயம். தனி ரீடிங்காக மட்டுமே எடுக்க முடிகிற, நன்றாகக் கோணிய அளவுகளுக்குத்தான் அடுத்துச் சொல்வது தேவை.

ரன்-அவுட்டுக்கு எல்லை போடும் கணக்கு

ரன்-அவுட் ஏன் கோணுகிறது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஷாஃப்டின் மையம் இடம்-வலமாகவும் மேல்-கீழாகவும் தனித்தனியே சிறிது விலகுகிறது. அந்த இரண்டு விலகலும் பூஜ்யத்தைச் சுற்றி மணி வடிவில், ஒரே அளவு சிதறலோடு இருந்தால், மையத்திலிருந்து உள்ள தூரம் ரேலி பரவலாக வரும். ரன்-அவுட் அந்தத் தூரத்தின் இரண்டு மடங்கு, ஆகவே அதே வடிவம். துளைகளின் பொசிஷன் பிழைக்கும் இதே கதைதான். காரணம் தெரிந்த பரவல் என்பதால் சாஃப்ட்வேர் கொடுக்கும் பதினாறு பரவல்களில் எது ஒட்டுகிறது என்று தேட வேண்டாம்.

கணக்கைக் காட்டுவதற்காக அமைத்த 25 ரீடிங்குகள், மைக்ரானில், தயாரான வரிசையில்:

8, 13, 5, 10, 7, 17, 21, 12, 9, 4, 15, 11, 6, 10, 18, 14, 8, 3, 12, 16, 9, 7, 11, 22, 12

கூட்டுத்தொகை 280, சராசரி 11.2. அடுத்தடுத்த ரீடிங்குகளின் வித்தியாசங்கள் 24. அவற்றின் கூட்டுத்தொகை 146, சராசரி 6.08. சாதாரண தனி ரீடிங் சார்ட்டின் எல்லைகள் (2.66 என்பது நகரும் வீச்சின் சராசரியை மூன்று சிக்மாவாக மாற்றும் எண்):

மேல் எல்லை = 11.2 + 2.66 × 6.08 = 27.4
கீழ் எல்லை = 11.2 − 2.66 × 6.08 = −5.0

கீழ் எல்லைக்குப் பொருளே இல்லை. இனி ரேலி கணக்கு. ஒவ்வொரு ரீடிங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 3732. அதை ரீடிங் எண்ணிக்கையின் இரண்டு மடங்கால், அதாவது 50-ஆல், வகுங்கள்: 74.64. வர்க்கமூலம் 8.64. இதுதான் சிக்மா, ஆனால் இது ரீடிங்குகளின் திட்டவிலக்கம் அல்ல, பரவலின் அளவு எண். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லை தப்பும்.

மேல் எல்லை = 3.635 × 8.64 = 31.4
நடுக்கோடு (இடைநிலை, பாதி ரீடிங்குகள் இதற்குக் கீழே) = 1.177 × 8.64 = 10.2
கீழ் எல்லை = 0.052 × 8.64 = 0.4

3.635 என்ற எண், ரேலி பரவலில் 99.865 சதவீதம் எந்த மதிப்புக்குக் கீழே இருக்கிறதோ அது. மணி வளைவில் மேல்பக்க மூன்று சிக்மாவுக்கு ஈடான இடம். பழைய எல்லையான 27.4-ஐ வைத்திருந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே சுமார் 150 ஷாஃப்டுக்கு ஒன்று வெளியே விழும், 31.4-இல் 740-க்கு ஒன்று. கீழ் எல்லையை வரைய வேண்டாம். 0 அல்லது 1 மைக்ரான் தொடர்ந்து வந்தால் டயலின் முள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

சராசரி மட்டும் கையில் இருக்கிறது, அவசரம் என்றால் சராசரியை 2.9-ஆல் பெருக்குங்கள். இங்கே 32.5 வரும், முதல் நாளுக்கு அது போதும். நிலையான எல்லைக்குக் குறைந்தது 100 ரீடிங் சேருங்கள், ஒரே நாளில் அல்ல, பல ஷிப்டுகளிலும் பார் லாட்டுகளிலும் பரவி. மேலே உள்ள 25 வழியைக் காட்டுவதற்கு மட்டும்.

பரவலே வேண்டாம், நேரடியாக ரீடிங்குகளிலிருந்தே 99.865 சதவீத எல்லையை எடுத்துவிடலாமே என்று தோன்றும். அது 741 ரீடிங்கில் ஒன்று தாண்டும் இடம். நூறு ரீடிங்கை வைத்து அதைச் சொல்வது குறி சொல்வதற்குச் சமம். பல ஆயிரம் ரீடிங் தானாகவே சேரும் லைனில் மட்டும் அந்த வழி சரி.

கடிகாரச் சோதனை

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, ஆனால் பெரும்பாலான இடங்களில் செய்வதில்லை. ரன்-அவுட் என்ற ஒரே எண் திசையைத் தூக்கி எறிந்துவிடுகிறது. கோளாறின் காரணம் இருப்பதோ திசையில்தான்.

சக்கில் பிடிக்கும்போது முதல் ஜாவுக்கு (சக்கின் பிடிதாடை) நேராக ஷாஃப்டில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வி-பிளாக்கில் சுற்றும்போது அந்தக் கோட்டை 12 மணி என்று வைத்து, முள் அதிகபட்சம் காட்டும் இடம் எத்தனை மணியில் வருகிறது என்று ரன்-அவுட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மணி 30 பாகை. இதற்கு மேல் துல்லியம் வேண்டாம். முப்பது ஷாஃப்ட் முடிந்ததும் ஒரு கடிகார முகத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். எல்லா மணியிலும் சிதறியிருந்தால் பிரச்சினை தற்செயலானது, ரேலி கணக்கு பொருந்தும். பாதிக்கு மேல் 3 மணியைச் சுற்றியே குவிந்தால் சக்கின் மையம் ஒரே பக்கமாக விலகியிருக்கிறது. ஜாவைப் போர் செய்து சரிப்படுத்தலாம். 12, 4, 8 என மூன்று இடங்களில் குவிந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ஜாவின் நேரில் விலகுகிறது: ஜாவுக்கு அடியில் சிப் மாட்டுகிறதா, ஜாக்கள் வாய்ப்பக்கம் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிரந்தரமாகக் கண்காணிக்க வேண்டும் என்றால் ரன்-அவுட்டின் பாதியைக் கோணத்தின் சைனாலும் கொசைனாலும் பெருக்கி இரண்டு எண்களாக்கி, இரண்டு சாதாரண தனி ரீடிங் சார்ட்டுகள் போடுங்கள். இரண்டும் மைனஸும் பிளஸுமாக வரும், மணி வடிவிலும் இருக்கும், வழக்கமான 2.66 அப்படியே பொருந்தும். கோ-ஆர்டினேட் மெஷினில் அளக்கும் துளைப் பொசிஷனுக்கு இன்னும் எளிது: எக்ஸ், ஒய் விலகல்கள் ஏற்கெனவே ரிப்போர்ட்டில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் பொசிஷன் எண்ணை மட்டும் சார்ட்டில் போடுவது, எந்தப் பக்கம் ஆஃப்செட் கொடுக்க வேண்டும் என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டே தொலைப்பதாகும்.

மற்ற அளவுகளுக்கு

எல்லாவற்றையும் இப்படித் திசை திசையாகப் பிரிக்க முடியாது. சொரசொரப்புக்கும் அழுக்கின் எடைக்கும் லாகரிதம் பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் அங்கே காரணங்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. தூர வகை அளவுகளுக்கு வர்க்கமூலம். 1964-இல் வந்த பாக்ஸ்-காக்ஸ் முறை, ரீடிங்குகளை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் மணி வடிவம் வரும் என்ற எண்ணைத் தானே கண்டுபிடித்துத் தரும், 0.43 என்று வந்தால் 0.5 என்று எடுத்து வர்க்கமூலமே போடுங்கள். மாதாமாதம் அடுக்கை மறுபடி கணக்கிடாதீர்கள். மார்ச் மாத எல்லைக்கு ஓர் அடுக்கு, ஏப்ரலுக்கு வேறு என்றால் இரண்டு மாதத்தையும் ஒப்பிடவே முடியாது. பூஜ்ய ரீடிங்கும் கவனிக்க வேண்டியது: லாகரிதம் அதில் உடைந்துபோகும். லீஸ்ட் கவுன்ட்டில் பாதியை எல்லா ரீடிங்கோடும் கூட்டி, அதைச் சார்ட்டின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.

மேலே உள்ள 25 ரீடிங்குகளுக்கு வர்க்கமூலம் எடுத்தால் சராசரி 3.263, நகரும் வீச்சின் சராசரி 0.942, மேல் எல்லை 3.263 + 2.66 × 0.942 = 5.77. இதை மறுபடி வர்க்கப்படுத்தினால் 33.3 மைக்ரான், ரேலி கொடுத்த 31.4-க்குப் பக்கத்தில். முக்கியமானது அந்த மறுபடி வர்க்கப்படுத்தும் அடி. சார்ட்டில் மைக்ரானையே குறிக்கச் செய்யுங்கள். எல்லைக் கோட்டை மட்டும் உருமாற்றக் கணக்கிலிருந்து கொண்டுவாருங்கள். மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம் "இன்றைய வர்க்கமூலம் 4.2" என்று சொன்னால் அவருக்கு அது எதையும் சொல்லாது, 18 மைக்ரான் என்றால் உடனே புரியும்.

பிரேக்டவுன் இடைவெளிக்கு எல்லை போடும்போது ஆபத்து கீழ்ப்பக்கம் இருக்கிறது: இடைவெளி குறைந்தால்தான் கோளாறு. சாதாரண சார்ட்டின் கீழ் எல்லையோ மைனஸில் கிடக்கும், எத்தனை முறை மெஷின் நின்றாலும் வாய் திறக்காது. ஒவ்வொரு இடைவெளியையும் 0.2777 என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். லாயிட் நெல்சன் 1994-இல் சொன்ன இந்த அடுக்கு எக்ஸ்பொனென்ஷியலை ஏறத்தாழ மணி வடிவத்துக்குக் கொண்டுவரும். 81 மணிநேரம் 3.39 ஆகும். இந்த எண்களில் 2.66 கணக்கைப் போட்டுக் கீழ் எல்லையைக் கண்டுபிடித்து, அதை 3.6 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் மணிநேரத்துக்குத் திரும்பிவிடும்.

பரவல் என்னவென்றே பிடிபடவில்லை, ஆனால் மெதுவான நகர்வைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்றால் அடுக்குக்குறி எடையிட்ட நகரும் சராசரி சார்ட் நல்லது. புதிய மதிப்பு = 0.1 × இன்றைய ரீடிங் + 0.9 × நேற்றைய மதிப்பு. எல்லைகள் சராசரியிலிருந்து ரீடிங்குகளின் திட்டவிலக்கத்தின் 0.62 மடங்கு. இன்னும் கோணலான தரவுக்கு எடையை 0.05 ஆக்கி, எல்லையை 0.40 மடங்கில் வையுங்கள். பல பழைய ரீடிங்குகளைச் சேர்த்துக் கலப்பதால் கோணல் கரைந்துவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு ஷாஃப்டில் வரும் பெரிய எகிறலை இது தாமதமாகத்தான் காட்டும், அதற்குத் தனி ரீடிங் சார்ட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொடர் விதிகளில் ஒன்றை மாற்ற வேண்டும்

நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் எட்டுப் புள்ளிகள் வந்தால் எச்சரிக்கை என்ற விதி, புள்ளிகள் பாதிக்குப் பாதி விழும் என்று நம்புகிறது. ரேலியில் 54 சதவீதமும் எக்ஸ்பொனென்ஷியலில் 63 சதவீதமும் சராசரிக்குக் கீழே விழுகின்றன. கீழ்ப்பக்கம் தொடர்ந்து எட்டு விழும் வாய்ப்பு மணி வளைவில் 0.4 சதவீதம், ரேலியில் அதன் இரண்டு மடங்கு, எக்ஸ்பொனென்ஷியலில் 2.5 சதவீதம். நடுக்கோடாகச் சராசரிக்குப் பதில் இடைநிலையைப் போடுங்கள், விதி மறுபடி சரியாகிவிடும். "மூன்றில் இரண்டு, இரண்டு சிக்மாவுக்கு வெளியே" போன்ற மண்டல விதிகளை இந்த சார்ட்டுகளில் அணைத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் கேட்கும் சிபிகே

உண்மையான பணச்சேதம் இங்கேதான் நடக்கிறது. சார்ட் கொஞ்சம் கோணலைத் தாங்கும். சிபிகே என்ற திறன் எண், அதாவது புராசஸ் டிராயிங் எல்லைக்குள் எவ்வளவு இடைவெளியோடு நிற்கிறது என்று சொல்லும் எண், தாங்காது, ஏனென்றால் அது முழுக்க முழுக்க வாலைப் பற்றிய கூற்று.

அதே 25 ரீடிங்குகளின் திட்டவிலக்கம் 4.98. வழக்கமான சூத்திரத்தில் (40 − 11.2) ÷ (3 × 4.98) = 1.93. 1.67 கேட்கும் வாடிக்கையாளரிடம் இது ஜோராகத் தேறும். ரேலி பரவலின் சதமானங்களை வைத்து, புராசஸ் திறனுக்கான ஐஎஸ்ஓ 22514 தர வரிசையில் உள்ள முறைப்படி செய்தால்:

(டிராயிங் மேல் எல்லை − இடைநிலை) ÷ (99.865 சதவீத மதிப்பு − இடைநிலை) = (40 − 10.2) ÷ (31.4 − 10.2) = 1.41

தேறவில்லை. மணி வளைவு நம்பவைப்பது கோடியில் ஒன்றுகூட 40-ஐத் தாண்டாது என்று; ரேலி கணக்கு பத்து லட்சத்துக்கு 22 என்கிறது. இரண்டாவதுதான் உங்கள் லைனில் நடக்கும். (இரண்டு சூத்திரத்துக்கும் உரிய சரியான பெயர் பிபிகே, ஒட்டுமொத்தச் சிதறலை வைத்துக் கணக்கிட்டதால். ரிப்போர்ட்டில் மாற்றி எழுதினால் ஆடிட்டில் கேள்வி வரும்.)

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சாஃப்ட்வேரில் கீழ் எல்லைப் பெட்டி காலியாக இருக்கிறதே என்று 0 என்று நிரப்பிவிடுவார்கள். உடனே 11.2 ÷ (3 × 4.98) = 0.75 என்று வந்து, நல்ல புராசஸ் மோசமானதாகிவிடும். ரன்-அவுட்டைக் குறைக்கக் குறைக்க அந்த எண் இன்னும் விழும். பூஜ்யம் இயற்கையின் எல்லை, டிராயிங் எல்லை அல்ல. பெட்டியைக் காலியாக விடுங்கள், அல்லது "எல்லைச் சுவர்" என்று குறிக்க வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த முறையில் கணக்கிட்டாலும், சார்ட் முதலில் நிலையாக இருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே புள்ளிகள் உள்ள தரவிலிருந்து எடுத்த திறன் எண்ணுக்கு எந்தப் பரவலாலும் உயிர் கொடுக்க முடியாது. ரிப்போர்ட்டில் எண்ணோடு சேர்த்து நான்கு விவரம் எழுதுங்கள்: எத்தனை ரீடிங், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்தப் பரவல், ஏன் அந்தப் பரவல். "மையவிலகல் காரணமாக ரேலி" என்ற ஒரு வரி, "சாஃப்ட்வேரில் பொருத்தம் அதிகம்" என்பதைவிட வாடிக்கையாளரின் தர இன்ஜினியரிடம் நன்றாக நிற்கும்.

எல்லைகளை எப்போது மாற்றுவது? சக் மாறினால், ஜா மாறினால், பார் சப்ளையர் மாறினால், அளவெடுக்கும் டயல் மாறினால். காலண்டரில் மாதம் மாறியதற்காக வேண்டாம். மாற்றும்போது பழைய கோட்டை அழிக்காமல், தேதியும் காரணமும் எழுதி, அந்த இடத்திலிருந்து புதிய கோட்டை வரையுங்கள்.